கிராட்சியே சொல்லக் கூடாது

இத்தாலியில், கபோச் சந்தைக்கு மேலே மூன்றாம் மாடி அறையில் வான்கோழி மணக்கிறது. விமலராணி வேலைசெய்யும் வீட்டுக்கார அமெரிக்க சிஞ்ஞோரா, இன்று தங்கள் நாட்டில் நன்றி சொல்லும் நாள் என்று அதைக் கொடுத்துவிட்டிருக்கிறாள். தன்னிடம் தமிழ் படிக்கும் ஆறு பிள்ளைகளையும் மகளையும் மேசையைச் சுற்றி இருத்தி, அவள் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறாள்: ஆளுக்கொரு நன்றி சொல்ல வேண்டும், வாய் தவறி இத்தாலியனில் "கிராட்சியே" என்றால் இறைச்சி இல்லை. இரண்டு பேர் ஏற்கெனவே தோற்றுவிட்டுக் கெக்கட்டமிட்டுச் சிரிக்கிறார்கள். அவளும் சிரிக்கிறாள், காது மட்டும் படிக்கட்டில் கிடக்கிறது. பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிக்காக விடியவே குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோருக்குப் போன கணவன் வலன்ரைன் இன்னும் வரவில்லை. அனுமதி கிடைக்காவிட்டால் இந்த அறையும் இல்லை, மேசையும் இல்லை. மகள் ஜெனிற்றா எழும்புகிறாள். "அப்பா பெர்மெஸ்ஸோவோட வந்ததுக்கு நன்றி." "வந்ததுக்கு இல்லைப் பிள்ளை…" என்று திருத்தத் தொடங்கிய விமலராணி ரீச்சர், 'வந்தால்' என்று முடிக்காமல் இறைச்சி வெட்டக் கத்தியை எடுக்கிறாள். சிரிப்பு அடங்குகிறது. கத்தி இறைச்சிக்கு மேலேயே நிற்கிறது. படியில் காலடி கேட்கிறது, கதவு திறக்கிறது. மழையில் தோய்ந்த வலன்ரைன் சட்டைக்குள்ளிருந்து நனையாத அனுமதித் தாளை எடுத்து நீட்டுகிறான். "கிராட்சியே, மாதாவே!" என்று கத்திவிடுகிறாள் விமலராணி. பிள்ளைகள் மேசையில் அடிக்கிறார்கள்: "ரீச்சருக்கு இறைச்சி இல்லை!"