நாற்பத்து மூன்று டிகிரி

எரிந்தது.

அவள் சொல்லவில்லை.

மார்பை எடுத்த இடத்தில் தண்ணீர்ப் பை படிந்திருந்தது. அதன் மேல் இயந்திரத்தின் தட்டு. தழும்பின் நடுவில் உணர்ச்சி கிடையாது. ஓரத்தில், அக்குளுக்குக் கீழே, தணலை வைத்து அழுத்தியது போல் இருந்தது.

எடுத்த இடத்திலேயே புற்று மறுபடியும் வந்திருந்தது. பட்டாணி பட்டாணியாக.

இயந்திரத்தை இயக்கும் ஷைலா குனிந்து கேட்டாள்.

"சூடு தாங்குதாம்மா? எரிஞ்சா உடனே சொல்லிடுங்க. குறைச்சிடுறேன்."

குறைத்துவிடுவாள். அதுதான் பயம்.

"தாங்குது" என்றாள்.

போன வாரம் டாக்டர் விளக்கியிருந்தார். உடம்பில் காவல் அணுக்கள் இருக்கின்றன. புற்று அவற்றின் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கிறது. நாற்பத்து மூன்று டிகிரி சூடு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். காவல் அணுக்கள் வந்து பிடித்துக்கொள்ளும்.

அப்படியானால் சூடு கூடக் கூட நல்லதுதானே?

பத்தொன்பது வருடமாகப் பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை அவள். முட்டி சிராய்த்து விழுந்த பிள்ளைகளை எழுப்பி, மறுபடி ஓட விட்டவள். ஒரு மணி நேரம் பெரிதில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஷைலா இன்னும் இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் அவள் சிரித்துவைத்தாள்.

நேரம் முடிந்து பையை எடுத்ததும் ஷைலாவின் முகம் மாறியது. டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். டாக்டர் வந்து பார்த்தார்.

"மெஷின் மூணு இடத்துலதான் சூட்டைப் பாக்கும். மத்த இடத்தை நீங்கதான் சொல்லணும். ஏன் டீச்சர் சொல்லல?"

"சூடு கூடினா… அந்த அணுக்கள் நெறைய வரும்னு நெனச்சேன் டாக்டர்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு அளவு வரைக்கும்தாம்மா. அதைத் தாண்டினா அதுங்களும் சேர்ந்து செத்துப்போயிடும்."

அவள் குனிந்து கொப்புளத்தைப் பார்த்தாள்.

"இனிமே இந்த இடத்துல சூடு வைக்க முடியாது. புண்ணு ஆறட்டும். அப்புறம் பாப்போம்."

ஆற எத்தனை நாளாகும் என்று அவள் கேட்கவில்லை. பட்டாணிகள் அதுவரை காத்திருக்குமா என்றும் கேட்கவில்லை.

ஷைலா கட்டுப் போட்டாள். ஷைலாவின் கண்கள் கலங்கியிருந்தன. அவள்தான் ஷைலாவின் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

வெளியே தங்கை மெர்லின் காத்திருந்தாள். எழுந்து வந்து கைப்பையை வாங்கிக்கொண்டாள்.

"நல்லபடியா முடிஞ்சுதாக்கா?"

"ம்."

"அடுத்தது என்னைக்கு? ஆபீஸ்ல லீவு சொல்லணும்."

அவள் படிகளில் இறங்கத் தொடங்கினாள். வலது கையை உடம்பில் படாமல் தள்ளி வைத்திருந்தாள்.

"புதன்கிழமை."

மெர்லின் போனில் குறித்துக்கொண்டாள்.

"எத்தனை மணிக்கு?"

"பதினோரு மணிக்கு."