பாலத்துக்கு ஒரு சாட்சி

விசாரணை அறைக்குள் வந்த சாட்சியை அவள் உற்றுப் பார்த்தாள். அந்த முகத்தை அவள் ஜென்மத்தில் பார்த்ததில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தையல்காரக் கணவனின் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். “யாரு இது? பொய்ச்சாட்சி பிடிச்சுட்டு வந்தீங்களா?”

“ஐயோ, சத்தியமா இல்ல! அன்னைக்குப் பாலத்துல இருந்தவங்க யாராவது இருந்தா வாங்கன்னு ரேடியோவுல சொல்லச் சொன்னேன். இவர் வந்தார், அவ்வளவுதான்.”

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. பாலத்துக் காவலில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் முதலில் விழுந்த குண்டிலேயே போய்விட்டார்கள். அதற்குப் பிறகு துப்பாக்கியைத் தூக்கிச் சாயங்காலம் வரை தாக்குப்பிடித்தது, ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டு போன அவள் ஒருத்திதான்.

சண்டையும் ஓய்ந்து, எல்லையையும் திறந்தாயிற்று. இவளும் போரிட்டவள்தான் என்று ஒரு பதக்கம் தர மட்டும் இங்கே யாருக்கும் மனம் வரவில்லை. இன்றைக்கும் நிரூபிக்காவிட்டால், புளுகுணி என்ற பட்டத்தோடு வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

“இந்தம்மா காயத்துக்குக் கட்டுப் போட்டிருப்பாங்க. சுட்டது ஆம்பளைங்களாத்தான் இருக்கும்” என்று ஆரம்பத்திலேயே அடித்துச் சொல்லியிருந்தார், விசாரணை நடத்திய கர்னல். இப்போது சாட்சியின் பக்கம் திரும்பினார்.

“நீங்க சொல்லுங்க. சுட்டது யாரு?”

“இவங்கதான் ஐயா. மணல் மூட்டைக்கு மேல தலை தெரியும், சுடுவாங்க, மறைஞ்சுடுவாங்க. அடுத்த குண்டு வேற மூலையிலேர்ந்து வரும். உள்ளே பத்துப் பேராவது இருப்பாங்கன்னுதான் நெனச்சோம்.”

“அப்போ இவங்கதான்னு எப்படிச் சொல்றீங்க?”

“ஒரு தடவை தலைக்கவசம் கழண்டு விழுந்துச்சுங்க. பின்னல் தோள்ல சரிஞ்சுது. அதை ஒரு கையால ஒதுக்கி விட்டுட்டு மறுபடியும் சுட்டாங்க. அந்த முகம் எப்படி மறக்கும்?”

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தலைக்கவசம் விழுந்ததை அவள் கட்டினவனிடம்கூடச் சொன்னதில்லை.

கர்னலுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. “அங்க இருந்த நம்ம ஆளுங்க அத்தனை பேரும் செத்துட்டாங்க. நீ மட்டும் எங்கேர்ந்து முளைச்சே? பொய்ச்சாட்சி சொன்னா கம்பி எண்ணணும், தெரியுமில்ல?”

போதும், பதக்கமும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம் என்று சொல்லிவிட அவள் எழுந்தேவிட்டாள்.

சாட்சி அதற்குள் விறைப்பாக நிமிர்ந்து நின்றார். கர்னலை விட்டுவிட்டு, அவளைப் பார்த்து ஒரு சல்யூட் அடித்தார்.

“நான் உங்க ஆள் இல்லீங்க ஐயா, அந்தப் பாலத்தைப் பிடிக்க வந்தவன்.”