தோசை விள்ளல்

சண்டைக்குப் பிறகு வனஜாவும் கணவர் தணிகைவேலும் தங்கள் நாய் பூந்தியிடம் சொல்வதுபோலத்தான் பேசிக்கொண்டார்கள். "பூந்தி, அவரைச் சாப்பிட வரச் சொல்லு." "பூந்தி, சட்னி போதும்னு சொல்லு." சேதி ஒன்றுக்கு ஒரு விள்ளல் தோசை கூலி. பூந்தி பீப்பாய்போல் ஆகிவிட்டது.

"தட்டுலேர்ந்து இனி ஒரு துண்டுகூடப் போடாதீங்கம்மா, இதயம் தாங்காது" என்றார் கால்நடை மருத்துவர்.

அன்று மாலை வனஜா பழக்கதோஷத்தில் தோசையைப் பிய்த்து, "பூந்தி..." என்றாள். மூச்சிரைக்க எழுந்து வந்த நாய் வாயைத் திறந்தது. அவள் கை பாதியில் நின்றது. எதிரே தணிகைவேலின் விரல்களிலும் ஒரு விள்ளல் அந்தரத்தில் நின்றிருந்தது. வனஜா தன் விள்ளலைத் தானே மென்று விழுங்கினாள்.

"ஏங்க..." என்றாள்.

அவர் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.