சிவப்புக் காருக்குப் போட்டி

நீலக் குடையை மடக்கிக்கொண்டு ஓர் அம்மாள் பட்டறைக்குள் நுழைந்தபோதே சூசைநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவள் அக்கம்பக்கம் பார்க்கவில்லை. நேராக அந்தச் சிவப்புக் காரிடம் போய் நின்றாள். போட்டிக்கு வந்த ஆள் இவள்தான்!

கால் மணி நேரத்துக்கு முன்புதான் பட்டறைக்காரர் ஜலாலுதீன் எச்சரித்துவிட்டுப் போயிருந்தார். "இது பிரசவ ஆஸ்பத்திரி டாக்டரோட வண்டி தம்பி. அவசரக் கேஸுன்னா பறக்கணுமே, அதான் இன்ஜின் இப்படி இருக்கு. டாக்டர் மத்தியானம் பேப்பர் கொண்டாந்து தருவாங்க. ஆனா காலையில இன்னொரு ஆளும் பார்த்துட்டுப் போயிருக்கு. அது பணத்தோட முந்தி வந்துட்டா நான் பொறுப்பில்ல. தொழுதுட்டு வந்துடறேன், உக்காருலா."

சூசைநாதன் செம்பவாங் கடற்படைத் தளத்தில் பிட்டர். மலைச்சாலையில் நடக்கும் கார்ப் பந்தயத்தில் ஒரு தடவையாவது ஓட்டிவிட வேண்டும் என்பது அவனுடைய மூன்று வருஷத்து ஆசை. அதற்காகச் சேர்த்தது ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி. பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கத் திங்கட்கிழமைதான் கடைசி நாள்.

அந்தப் பணத்துக்குள் அடங்கும் வேகமான வண்டியாக நான்கு சனிக்கிழமைகள் தேடினான். பிடோக்கில் பார்த்தது பார்வைக்கு ராஜா. எண்ணெயை மட்டும் குடம் குடமாகக் குடித்தது. காத்தோங்கில் பார்த்தது நன்றாகத்தான் ஓடியது. ஆனால் காலடியில் தகடு இருக்க வேண்டிய இடத்தில் ரோடு தெரிந்தது. இந்த இரண்டு சீட்டு வண்டியில்தான் குறை தேடித் தோற்றுப்போனான். சற்றுமுன் புக்கிட் தீமா வரை ஓட்டிப் பார்த்தபோது, ஒவ்வொரு வளைவிலும் அது ரோட்டைக் கவ்விக்கொண்டு போயிற்று.

அம்மாள் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். வெளிப்பிடியைத் தொடாமல், கதவுக்கு மேலாகக் கையை உள்ளே விட்டு எதையோ இழுத்தாள். கதவு திறந்துகொண்டது.

இனிச் சும்மா இருந்தால் காரியம் கெட்டுவிடும். சூசைநாதன் எழுந்து போனான்.

"வண்டி விஷயமா வந்தீங்களாக்கா?"

"ஆமா தம்பி. இன்னிக்கே முடிச்சுட்டாத் தேவலை. நீங்க பாய்கிட்ட வேலை செய்றீங்களா?"

"இல்லக்கா, நேவல் பேஸ்ல. பத்து வருஷமா இன்ஜின் வேலை."

"அப்ப நல்லதாப் போச்சு. நீங்களே சொல்லுங்க, இந்த வண்டி எப்படி?"

கேட்ட முகத்தில் கள்ளம் கபடு இல்லை. அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்வது பாவம் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. நாளைக்குப் பூசைக்கு முன்னால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டால் போயிற்று என்று மனத்தைத் தேற்றிக்கொண்டான்.

"எல்லாம் மேல் மினுக்குதான்க்கா. அடிச்சட்டம் விரிசல் விட்டிருக்கு. நாப்பது மைல் வேகம் போனா முன்சக்கரம் கழண்டு தனியா ஓடிடும்."

"ஐயையோ! ஒட்டவச்சா சரியாகாதா?"

"ஒட்டினா ஒரு மழைக்குத் தாங்காது."

"பாய் ஒண்ணுமே சொல்லலையே!"

"சாதாரண மெக்கானிக் கண்ணுல அது படாதுக்கா. கப்பல் இரும்பு பார்த்துப் பழகின கண்ணுக்குத்தான் படும். எங்க பேஸ்ல ஒரு வெள்ளைக்காரன் இதே மாதிரி வண்டியிலதான் போய்ச் சேர்ந்தான்."

அம்மாள் அவனையே பார்த்தாள். "சத்தியமா?"

"மாதா மேல சத்தியமா. உங்களை என் கூடப்பிறந்த அக்காவா நினைச்சுத்தான் சொல்றேன்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "முன்னப்பின்ன தெரியாதவளுக்கு யாரு தம்பி இவ்வளவு சொல்வாங்க? நீங்க நல்லா இருக்கணும்." பையிலிருந்து இரண்டு ஆரஞ்சுப் பழங்களை எடுத்து அவன் கையில் திணித்தாள். உரிக்க மனம் வராமல் அவன் அவற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

ஜலாலுதீன் திரும்பி வந்ததும் அம்மாள் அவரை உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"நான் பார்த்த வரைக்கும் அப்படி ஒண்ணும் இல்லையே!" என்று ஜலாலுதீன் கத்துவது வெளியே கேட்டது. பிறகு அம்மாளின் குரல், தணிவாக, ஆனால் அழுத்தமாக. வாங்க வந்தவள் வேண்டாம் என்கிறாள், விற்கிறவர் விடாமல் மன்றாடுகிறார் என்று புரிந்துகொண்ட சூசைநாதனுக்கு நிம்மதியாக மூச்சு வந்தது.

அம்மாள் வெளியே வந்து, அவனைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு வாசலை நோக்கி நடந்தாள். பின்னாலேயே ஜலாலுதீன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

சூசைநாதன் அவர் காதோடு சொன்னான். "பாய், நான் எடுத்துக்கறேன். டாக்டர் வந்ததும் கையோட முடிச்சுடலாம்."

"எங்கலா முடிக்கிறது? வண்டிய அக்கக்காப் பிரிச்சு இரும்புக்குப் போடச் சொல்லியாச்சு."

"என்னது! யாரு சொன்னா?" சூசைநாதன் தன்னையறியாமல் அலறிவிட்டான்.

வாசலில் குடையை விரித்துக்கொண்டிருந்த அம்மாள் திரும்பினாள்.

"நாந்தான் சொன்னேன் தம்பி. இத்தனை பிரசவம் பார்த்த கையால, ஒருத்தர் உசுரை எடுக்கற வண்டிய விக்க மாட்டேன்."