ஏழாம் நம்பர் தகடு

"ஏழாம் நம்பர் தகட்டை யாரு தொட்டது?"

ஸ்டெஃபி மேடம் கேட்டதும், அம்பத்தூர் ஆய்வுக்கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த வேம்புலியம்மாள் துடைப்பத்தோடு அப்படியே நின்றாள். மேடம் ஆறு மாதமாகப் பாடுபடும் கார்பன் பூசிய தகடு அது. வேலை போச்சு!

"நான்தாம்மா. ஆயுத பூஜைக்கு எல்லா மிஷினுக்கும் பொட்டு வெச்சேன். இது மட்டும் இன்னாத்துக்கு மூளியா இருக்கணும்னு..."

"குங்குமம் வெச்சீங்களா?"

"ஐயோ, இல்லம்மா! பொடி பட்டா கெட்டுப்பூடும்னு என் நெத்தி ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டினேன். அப்பால பயந்துகினு உரிச்சிட்டேன். கொஞ்சம் கரி ஒட்டிகினு வந்துச்சு. மன்னிச்சிடுங்கம்மா."

ஸ்டெஃபி விளக்கை அணைத்து, வெற்றிடப் பெட்டிக்குள் இருந்த தகட்டுக்கு மின்சாரம் கொடுத்தாள். தகட்டுக்கு எதிரே இருந்த திரை இருண்டே கிடக்க, நடுவில் பொட்டளவு வட்டம் மட்டும் பச்சையாகப் பளீரென்று எரிந்தது.

"நான் எவ்வளவோ முட்டி மோதியும் இந்த வெளிச்சம் வரலை. தகட்டு மேல படுத்துக் கிடந்த, கண்ணுக்கே தெரியாத கார்பன் குழாய்களை உங்க பொட்டுப் பசை இழுத்து நிமிர்த்தி விட்டிருக்கு. நிமிர்ந்து நின்னாதான் எலெக்ட்ரான் சுலபமா வெளியே பாய்ஞ்சு திரையை எரிய வைக்கும்!"

வேம்புலியம்மாளுக்கு வேலை போகவில்லை என்பது மட்டும் புரிந்தது.

"இன்னும் பொட்டு இருக்கா? தகடு முழுக்க ஒட்டி உரிக்கணும். பெருசா இருந்தா நல்லது."

"என்னுது சின்னதும்மா," என்றாள் வேம்புலியம்மாள், துடைப்பத்தைச் சுவரோரம் சாத்திவிட்டு. "நாளைக்கு எங்க மாமியா பொட்டு அட்டையைத் தூக்கியாறேன். ஒவ்வொண்ணும் எட்டணா சைஸ் இருக்கும்!"