மூன்று வருடத் திட்டம்

“மூணு வருஷத்துக்கு எடுத்தா டிஸ்கவுண்ட் இருக்கு சார். மாசா மாசம் கட்டுனா உங்களுக்குத்தான் நட்டம் லா,” என்றார் கவின்.

நான் என் கணவரின் முகத்தைப் பார்த்தேன்.

கணக்கு சாப்ட்வேர் விற்க வந்த மனிதருக்கு என்ன தெரியும்? எனக்கு வேண்டியது டிஸ்கவுண்ட் இல்லை. அந்த மூன்று வருடம்.

பெர்மாஸ் ஜெயாவில் நாங்கள் இருவரும் சேர்ந்து நடத்தும் வக்கீல் அலுவலகம் இது. கீழே மாமாக் சாப்பாட்டுக் கடை, மேலே நாங்கள். கோர்ட்டுக்குப் போவது நான், கணக்கு பார்ப்பது அவர். வீட்டிலும் அப்படித்தான். சண்டை போடுவது நான், சமாளிப்பது அவர்.

ஒரு நாள், இனி சமாளிக்க முடியாது என்று சொல்லிவிட்டு, கூலாயில் வாடகை வீடு பார்த்துப் போய்விட்டார். இன்னொருத்தி எல்லாம் கிடையாது. இருந்திருந்தால் அவளைத் திட்டியாவது மனசை ஆற்றியிருப்பேன்.

போன மாதம் பெட்டியோடு திரும்பி வந்தார். ஹாலில் படுத்துக்கொள்கிறார். இருக்கப் போகிறீர்களா, போகப் போகிறீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கோர்ட்டில் சாட்சிகளைத் துளைத்தெடுக்கிற அதே வாய்தான்.

அப்புறம் அவராகவே, நல்ல சாப்ட்வேர் ஒன்று வாங்கிவிடலாம் என்றார்.

போகிற மனிதன் இதற்கெல்லாம் மெனக்கெடுவானா? அந்த ஒரு நினைப்பில்தான் காலையில் புதுச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

கவினை அவர் கேள்வி கேட்டே ஒரு வழி பண்ணிவிட்டார். கட்சிக்காரர்கள் நம்பிக் கொடுத்து வைத்த பணத்தில் தெரியாமல் கைவைத்துவிட்டால், உடனே எச்சரிக்குமா? பாதியில் மாட்டிக்கொண்டால் போனில் தமிழில் சொல்லிக்கொடுக்க ஆள் உண்டா? எழுத்தைப் பெரிதாக்க முடியுமா?

நான் கண்ணாடியை எங்காவது வைத்துவிட்டுத் தேடுகிறவள். அது அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

“மேடத்துக்குக் கம்ப்யூட்டர்னாலே அலர்ஜி தம்பி. இவங்களுக்குப் புரியறதா இருக்கணும்.”

“ஆமா, பெரிய இவரு,” என்றேன். சிரித்தார். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து!

இத்தனை வருடம் கணக்குப் பக்கமே என்னை அண்டவிடாத மனிதர். இனி எல்லாவற்றிலும் என்னைச் சேர்த்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்ததும் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

“மூணு வருஷமே போட்டுடுங்க,” என்றார் கவினிடம்.

அப்பாடா!

கீழே கடைக்குப் போன் போட்டு மூன்று தே தாரிக் டீ சொன்னேன். வீட்டுக்குப் போனதும் ஹாலில் கிடக்கும் மெத்தையை மடித்து வைத்துவிட வேண்டும் என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

கவின் லேப்டாப்பில் தட்டிக்கொண்டே கேட்டார். “யூசர் ரெண்டு பேர்தானே சார்?”

“ஒண்ணு போதும். இனி இங்க இவங்க மட்டும்தான் இருப்பாங்க.”

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கவினைப் பார்த்துச் சொன்னார்.

கவினின் விரல்கள் நின்றுவிட்டன. பாவம், எங்கே பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

“பயப்படாத வாசு. எல்லாத்தையும் செட் பண்ணி, உனக்குச் சொல்லிக்கொடுத்துட்டுத்தான் போவேன்.”

என் பக்கம் திரும்பி அவ்வளவு அன்பாகச் சொன்னார். பாவி மனுஷன், அதை மட்டும் கொஞ்சம் கடுமையாகச் சொல்லியிருக்கக் கூடாதா?

கத்தியிருப்பேன்.

“மேடம், உங்க ஈமெயில்?” என்றார் கவின், மெதுவாக.

எழுத்தெழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் குரல் நின்றுவிட்டது.

மீதியை அவர் சொன்னார்.