மூடாத ஜன்னல்

"ஜன்னலை மூடாதம்மா. அவளுக்கு மூச்சு முட்டும்."

சிட்டுவின் கை அப்படியே நின்றுவிட்டது. மழைச்சாரல் உள்ளே அடித்து, இப்போதுதான் துடைத்த மேடையை நனைத்துக்கொண்டிருந்தது. வாசலில் நின்று இதைச் சொன்னவர் வாத்தியார். அவர் மனைவி செத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. செத்தவருக்கு மூச்சு முட்டுமாம்!

அந்த அம்மாள் மூச்சிழுப்பு வந்து விழுந்தது இதே சமையலறையில்தான். அதற்கப்புறம் வேலைக்கு வந்த மூன்று பேரில் ஒருத்தியும் ஒரு மாதம் தாண்டவில்லை. உள்ளே யாரோ இருமுகிறார்கள் என்றாள் ஒருத்தி, முதுகுக்குப் பின்னால் மூச்சு விடுகிறார்கள் என்றாள் இன்னொருத்தி. மூன்றாமவள் காரணம்கூடச் சொல்லாமல் ஓட்டம் பிடித்தாள்.

சிட்டுவுக்கும் உள்ளூர உதறல்தான். ஆனால் மகளின் பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. மணி அடிக்கும்போது வாசலில் போய் நிற்க விடுகிற வேலை வேறு எங்கே கிடைக்கும்? பேயாவது பிசாசாவது என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஐந்து வாரம் ஓட்டிவிட்டாள்.

இந்த வீட்டுச் சட்டமே தனி. கடையில் கலர் கலராக விற்கிற கழுவும் சாமான் எதுவும் உள்ளே வரக்கூடாது. பாத்திரத் தொட்டிக்கு எலுமிச்சை மூடியும் உப்பும், அடுப்புக்குச் சமையல் சோடா, குழாய்க்கு வினிகர், அவ்வளவுதான். அந்த அம்மாள் போட்ட சட்டமாம். "வேற எதைக் கொண்டுவந்தாலும் அவ விடமாட்டா" என்று முதல் நாளே வாத்தியார் சொல்லிவிட்டார்.

பாட்டிலுக்குப் பாட்டில் பேர் எழுதி ஒட்டியதும் அவர்தான். உப்பு, சோடா, வினிகர் என்று கொட்டை எழுத்து. தண்ணீர் பாட்டிலில்கூட 'தண்ணீர்'! கரும்பலகையில் எழுதிய கை சும்மா இருக்குமா என்று சிட்டு தனக்குள் சிரித்துக்கொள்வாள்.

சிரிக்க முடியாதது ஒன்றுதான். தினமும் நாலு மணிக்கு வாத்தியார் வந்து ஒவ்வொரு மூடியாகத் திறந்து மோந்து பார்ப்பார். ஜன்னல் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பார். தாழ்ப்பாள் என்று அங்கே ஒன்றும் இல்லை, அவரே பிடுங்கிப் போட்டிருந்தார், ஆணி ஓட்டைகள்தான் மிச்சம். அப்போது அவர் உதடு எதையோ முணுமுணுக்கும். சிட்டு சுவரோடு சுவராக ஒட்டி நிற்பாள்.

ஞாயிற்றுக்கிழமை வாத்தியாரின் மகள் வருகிறாள். அம்மா போனபின் இந்த வீட்டுக்குள் காலே வைக்காதவள். சமையலறை அவள் அம்மா வைத்திருந்த மாதிரி பளிச்சென்று இருக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார். ஆனால் தொட்டிக்குப் பின்னால் டைல்ஸ் இடுக்கில் கருப்பாகப் பூஞ்சை. மூன்று நாள் சோடா போட்டுத் தேய்த்தும் அசையவில்லை. வருகிற மகள் இதைப் பார்த்து முகம் சுளித்தால் வேலை அவ்வளவுதான்.

அதனால் இன்றைக்கு ஒரு காரியம் செய்திருந்தாள். வீட்டிலிருந்து கறை போக்கும் பிளீச் கொஞ்சம் கொண்டுவந்து, யாருக்கும் தெரியாமல் தீர்ந்துபோன வினிகர் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தாள். இப்போது இடுக்கெல்லாம் எலுமிச்சை பிழிந்து ஊறவைத்தாயிற்று. இனி பாட்டிலைச் சாய்க்க வேண்டியதுதான்.

ஆனால் வாத்தியார் இன்றைக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்து வாசலில் நின்றுவிட்டார். உள்ளே வந்து நேராக அந்தப் பாட்டிலைத்தான் எடுத்தார். மூடியைத் திறந்து மோந்தவரின் முகத்தில் ரத்தமே இல்லை.

கத்தவில்லை. மழையில் இறங்கிக் கொல்லைக் கோடியில் மண்ணில் கொட்டினார். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். சொட்டச் சொட்ட நனைந்து திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

சிட்டுவுக்கு முதுகில் சில்லென்று காற்று பட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

"அம்மாவுக்குப் பிடிக்காதுன்னு தெரியும் சார். அவங்க மேல ஆணையா இனிமே கொண்டுவர மாட்டேன்."

"எதுக்கும்மா வினிகர் பாட்டில்ல ஊத்தினே?"

"பாத்தா நீங்க திட்டுவீங்கன்னுதான் சார்."

வாத்தியார் தலையை ஆட்டினார். தொட்டியில் கிடந்த எலுமிச்சை மூடியையே பார்த்துக்கொண்டு பேசினார். "எலுமிச்சைச் சாறு மேல இது பட்டா விஷப் புகை கிளம்பும். அன்னைக்கு அவளுக்குச் சளி, வாசனையே தெரியல. மழை பெய்யுதுன்னு ஜன்னலைத் தாழ் போட்டிருந்தா. ஊரே இழுப்புன்னு சொல்லிச்சு."

சிட்டுவுக்குப் புரியவில்லை. "அம்மாதான் இதையெல்லாம் உள்ளேயே விடமாட்டாங்களே சார், அப்புறம் எப்படி?"

சாரல் மேடையில் விழுந்துகொண்டே இருந்தது. வாத்தியார் காலிப் பாட்டிலைத் திருப்பி, தான் எழுதி ஒட்டிய பேரைப் பார்த்தார்.

"நானும் அவ திட்டுவான்னுதாம்மா அதுல ஊத்தி வச்சேன்."